துப்பறியும் கதாசிரியர் ஸர் ஆர்தர் கானன் டாயில்

கதைகளுள் வீரத்தை உரைப்பன சில. காதலை உரைப்பன சில. நீதியைப் புகட்டுவன சில. இவற்றுள் ஒன்றிலும் முழுதும் அடங்காமல், ஒரு குற்றம் நிகழ்ந்தது, அதனைச் செய்தவர் யாவர் என்னும் ஒரே வினாவைக் கொண்டு படிப்போரைக் கடைசிப் பக்கம் வரையில் ஈர்த்துச் செல்வது துப்பறியும் கதை. கற்றோர் சிலர் இதனை வீண் பொழுதுபோக்கென்று இகழ்வர். பிள்ளைகள் பாடப் புத்தகத்திற்குள் மறைத்து வைத்துப் படிக்கும் நூலாதலின் பெற்றோர் பலர் இதனை வெறுப்பர். இவ்வகைக் கதையால் உலகப் புகழ் எய்திய ஸர் ஆர்தர் கானன் டாயிலும் இதனைத் தாழ்வாகவே மதித்தார் என்றால் நம் நேயர்கள் வியப்படையக்கூடும். ஆனால் அங்ஙனம் தாழ்வாக மதித்த அவரே, அக்கதைகளில் தாம் வகுத்த முறையைக் கைக்கொண்டு, குற்றமற்ற இருவர்க்காக அரசாங்கத்தோடு வாதாடினார் என்பது அதனினும் வியப்பாகும். அப்பெரியாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ஆர்தர் கானன் டாயில் 1859-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி ஸ்காட்லாந்து தேசத்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். இவர் முன்னோர் ஐரிஷ் கத்தோலிக்கர். பாட்டனார் ஜான் டாயில் இலண்டனில் கேலிச் சித்திரம் வரைவதிற் பெயர் பெற்றவர். பெரிய தந்தையாருள் ஒருவரான ரிச்சர்டு டாயில், பஞ்ச் என்னும் பத்திரிகைக்கு நெடுங்காலம் வழங்கிய முகப்புச் சித்திரத்தை எழுதியவர். தந்தையார் சார்லஸ் டாயிலுக்கும் சித்திரக் கலை கைவந்திருந்தது. அவர் அரசாங்கக் கட்டட இலாகாவில் ஒரு சிறிய உத்தியோகம் பார்த்து வந்தார். ஆயினும் மதுப்பழக்கத்திற்கு அடிமையாகி, உத்தியோகத்தையும் இழந்து, மனநோயாளர் விடுதிகளில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1893-இல் இறந்தார். குடும்பத்தைத் தாங்கியவர் தாயார் மேரி அம்மையாரே. அவர் வறுமையிலும் நூல் பயிலும் பழக்கத்தை விடாதவர். பழைய வீரர் கதைகளை மகனுக்குச் சுவைபடக் கூறி வந்தவர். கானன் டாயிலுக்குக் கதை கூறும் ஆற்றல் தாய்வழி வந்த செல்வமென்றே கொள்ளவேண்டும்.

உறவினர் உதவியால் இவர் ஸ்டோனிஹர்ஸ்ட் என்னும் யேசு சபைக் கல்லூரியிற் பயின்றார். பின்னர் 1876-இல் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் கற்கத் தொடங்கினார். ஆங்கே இவர் வாழ்வையே மாற்றிய ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். அவர் ஜோஸப் பெல் என்னும் சஸ்திர வைத்தியர். நோயாளி வாய் திறக்குமுன்னரே அவருடைய தொழில், ஊர், பழக்கம் முதலியவற்றைப் பெல் கூறிவிடுவார். ஒருமுறை தம்மிடம் வந்த ஒருவரைப் பார்த்தவுடன், அவர் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பட்டாளத்தினின்று அண்மையில் விலகியவர் என்றும், பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர் என்றும் உரைத்தார். வந்தவர் மரியாதையுள்ளவராயிருந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. அது பட்டாளத்து வழக்கம். பட்டாளத்தை விட்டு நெடுநாள் ஆகியிருந்தால் அவ்வழக்கம் மாறியிருக்கும். அவருக்கு இருந்ததோ யானைக்கால் நோய். அது குளிர்நாட்டில் வருவதன்று, மேற்கிந்தியத் தீவுகளில் வருவது. காரணத்தைக் கேட்டபின் எல்லாம் எளிதாகவே தோன்றும். கேட்பதற்குமுன் மாணவர்க்கு அது மந்திரமாகத் தோன்றியது. எல்லார் கண்ணிலும் படுவதை எல்லாரும் கவனிப்பதில்லை என்னும் பாடத்தைக் கானன் டாயில் ஆங்கே கற்றார்.

குடும்ப வறுமை காரணமாக இவர் படிக்கும்போதே பொருளீட்ட வேண்டியதாயிற்று. 1880-இல் திமிங்கிலம் பிடிக்கும் கப்பலொன்றில் வைத்தியராக அமர்ந்து வடதுருவக் கடல் சென்று மீண்டார். 1881-இல் பட்டம் பெற்றபின் மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்ற கப்பலிலும் அவ்வேலையே பார்த்தார். 1882-இல் போர்ட்ஸ்மத் நகரைச் சார்ந்த ஸௌத்ஸீயில், கையில் பத்துப் பவுனுக்கும் குறைந்த பொருளுடன் வைத்தியசாலை ஒன்று திறந்தார். நோயாளிகள் அரியராகவே வந்தனர். வாராத நேரம் எழுதுவதற்கு உதவியது. 1885-இல் லூயிஸா ஹாக்கின்ஸ் என்னும் மாதை மணந்தார்.

ஹோம்ஸ் பிறந்த வரலாறு

துப்பறியும் கதையைக் கானன் டாயில் தோற்றுவித்தாரல்லர். அமெரிக்கராகிய எட்கர் ஆலன் போ 1841-இலேயே டூப்பின் என்னும் துப்பறிபவரைக் கதையில் அமைத்தார். பிரெஞ்சு ஆசிரியர் கபோரியோவும், ஆங்கில ஆசிரியர் வில்க்கி காலின்ஸும் அவ்வழியிற் சென்றனர். ஆனால் முன்னைக் கதைகள் பலவற்றில் குற்றவாளி அகப்படுவது தற்செயலாக நிகழும். அல்லது துப்பறிபவர் எங்ஙனம் கண்டுபிடித்தார் என்பது விளங்காமலே போகும். தம் ஆசிரியர் பெல் நோயை ஆராய்ந்தது போலக் குற்றத்தை ஆராயும் ஒருவரைப் படைத்தால் என்ன என்று கானன் டாயில் எண்ணினார். அவ்வெண்ணத்திற் பிறந்தவரே ஷெர்லாக் ஹோம்ஸ். அவருடைய தோழராகவும் கதை சொல்பவராகவும், ஆப்கானிய யுத்தத்திற் காயமுற்றுத் திரும்பிய வைத்தியர் வாட்ஸன் அமைந்தார்.

வாட்ஸனை அமைத்ததிலேயே கதையின் நுட்பம் அடங்கியுள்ளது. ஹோம்ஸ் காண்பன யாவும் வாட்ஸனும் காண்கிறார், நாமும் காண்கிறோம். சேற்றின் நிறம், புகையிலைச் சாம்பல், தேய்ந்த சட்டைக்கை ஆகிய எல்லாம் நம் கண்முன் வைக்கப்படுகின்றன. ஆயினும் நாம் வாட்ஸனோடு சேர்ந்து பொருளறியாமல் நிற்கிறோம். முடிவில் ஹோம்ஸ் விளக்கும்போது, இது நமக்கும் தெரிந்திருக்கலாமே என்று நாணுகிறோம். அந்த நாணமே இக்கதைகளின் இன்பம்.

முதல் ஹோம்ஸ் நாவல் 1886-இல் எழுதப்பட்டது. பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினர். கடைசியில் ஒரு பதிப்பகத்தார் முழு உரிமைக்கும் 25 பவுன் கொடுத்து வாங்கி, 1887-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மலரொன்றில் வெளியிட்டனர். இரண்டாவது நாவல் 1890-இல் வந்தது. அது ஆக்ராவிற் களவுபோன ஒரு புதையலையும் அந்தமான் தீவையும் சுற்றிச் செல்வது. இவ்விரண்டினாலும் பெரும்புகழ் வந்துவிடவில்லை.

1891-இல் கானன் டாயில் கண் வைத்தியம் பயின்று இலண்டன் நகரில் வைத்தியசாலை அமைத்தார். நோயாளி ஒருவரும் வரவில்லையென்று அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். அவ்வாண்டிலே தொடங்கப்பட்ட ஸ்ட்ராண்டு என்னும் மாதப் பத்திரிகைக்கு அவர் ஒரு புதிய வகையில் ஹோம்ஸ் கதைகளை அனுப்பினார். மாதந்தோறும் தொடரும் நெடுங்கதையில் ஓர் இதழைத் தவறவிட்டவர் மேலே படிக்க மாட்டார். ஆதலின் துப்பறிபவர் ஒருவராகவே இருக்க, ஒவ்வொரு மாதமும் ஒரு கதை தொடங்கி அம்மாதமே முடியவேண்டும் என்று திட்டமிட்டார். ஜூலை மாதத்தில் முதற்கதை வெளிவந்தது. சில திங்களிலேயே ஹோம்ஸின் பெயர் ஆங்கில நாடெங்கும் வழங்கலாயிற்று. ஸிட்னி பேஜட் என்பார் வரைந்த சித்திரங்கள் ஹோம்ஸுக்கு உருவமும் அளித்தன. கானன் டாயில் வைத்தியத் தொழிலை விட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டார்.

படைத்தவரே கொன்றது

பொருளும் புகழும் பெருகிய அந்நாளிலேயே அவர்க்கு ஹோம்ஸின்மேல் வெறுப்பும் தோன்றியது. தம் பெயர் நிலைக்கவேண்டுவது சரித்திர நாவல்களால் என்பது அவர் கருத்து. மன்மத் கலகத்தைப் பற்றிய மைக்கா கிளார்க் என்னும் நாவலையும், பதினான்காம் நூற்றாண்டு வீரரைப் பற்றிய தி ஒயிட் கம்பெனி என்னும் நாவலையும் பல நூல்களை ஆராய்ந்து எழுதினார். ஜனங்களோ ஹோம்ஸையே கேட்டனர். 1891-ஆம் ஆண்டின் இறுதியிலேயே ஹோம்ஸைக் கொன்றுவிட அவர் நினைத்ததுண்டு. தாயார் தடுத்தமையால் இரண்டாண்டு தாமதித்தார். 1893 டிஸம்பர் இதழில், ஸ்விட்ஸர்லாந்தின் ரைகன்பாக் அருவியில், பகைவன் மோரியார்ட்டியோடு ஹோம்ஸும் வீழ்ந்து மாண்டதாகக் கதை முடிந்தது.

வாசகர்கள் உற்றார் ஒருவரை இழந்தது போல வருந்தினர். கண்டித்துக் கடிதங்கள் குவிந்தன; பலர் பத்திரிகைச் சந்தாவையும் நிறுத்தினர். ஆசிரியர் அசையவில்லை. அவ்வாண்டில் அவர் மனைவியார்க்குக் காசநோய் கண்டிருந்தது, தந்தையாரும் இறந்திருந்தார். கதாபாத்திரம் ஒன்றற்காக உலகம் அழுவது அவர்க்கு விந்தையாகத் தோன்றியிருத்தல் கூடும். 1900-இல் தென்னாப்பிரிக்க யுத்தத்தில் புளூம்பாண்டின் நகரில் காயமுற்ற சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்தார். 1902-இல் அரசாங்கம் ஸர் பட்டம் அளித்தது. அதற்கு முந்திய ஆண்டில், ஹோம்ஸ் இறப்பதற்கு முன் நிகழ்ந்ததாகப் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையைத் தொடங்கியிருந்தார். 1903-இல், அமெரிக்கப் பத்திரிகையொன்று பெருந்தொகை தர முன்வந்தபோது, ஹோம்ஸ் அருவியில் விழவேயில்லை என்று எழுதி அவரை மீட்டுக்கொண்டார். 1927 வரையில் வெளிவந்த ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. அவற்றுள் நாவல்கள் 4, சிறுகதைகள் 56.

பாதிரியார் மகன் வழக்கு

இதுகாறும் கூறியது பலரும் அறிந்தது. இனி நாம் கூறப்போவதே இச்சரித்திரத்தின் உயிர்நாடி என்று கருதுகின்றோம்.

ஸ்டாபர்டுஷயர் ஜில்லாவில் கிரேட் வயர்லி என்றொரு கிராமம் உண்டு. அதன் பாதிரியார் ஷாப்பூர்ஜி எடால்ஜி என்பவர். பம்பாய்ப் பார்ஸி குலத்திற் பிறந்து கிறிஸ்தவராகி இங்கிலாந்திற் குடியேறியவர். ஆங்கில மாதை மணந்தவர். இவர் மூத்த மகன் ஜார்ஜ் எடால்ஜி, பர்மிங்ஹாமில் சொலிசிட்டராகத் தொழில் நடத்தியவர். ரயில் பிரயாணிகளுக்கான சட்டநூலொன்று எழுதியவர். மதுவும் புகையும் அறியாதவர். இந்திய இரத்தம் கலந்த குடும்பம் ஒன்று தமக்குப் பாதிரியாராக வந்தது அவ்வூரார் சிலர்க்குப் பொறுக்கவில்லை. பல ஆண்டுகளாகப் பெயரில்லாக் கடிதங்களும் பொல்லாங்கு விளையாட்டுக்களும் அக்குடும்பத்தை வருத்தி வந்தன.

1903-இல் அவ்வூர்ப்புறத்தில் குதிரைகளும் மாடுகளும் ஆடுகளும் இரவில் வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தன. ஆகஸ்டு மாதத்தில், நிலக்கரிச் சுரங்கத்து மட்டக்குதிரை ஒன்று அங்ஙனம் கிழிக்கப்பட்டபோது போலீஸார் ஜார்ஜைக் கைது செய்தனர். அவர் தம் தந்தையாரோடு ஒரே அறையில் உறங்கினார் என்றும், கதவு உள்ளே பூட்டியிருந்தது என்றும் பாதிரியார் சாட்சி கூறினார், அது ஏற்கப்படவில்லை. கையெழுத்து நிபுணர் ஒருவர், பெயரில்லாக் கடிதங்களை எழுதியவர் ஜார்ஜே என்றார். ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர் காவலில் இருந்த நாளிலும் பிராணிகள் கிழிக்கப்பட்டே வந்தன. பதினாயிரம் பேர் கையொப்பமிட்ட மகஜர் சென்றது. மூன்றாண்டு கழிந்தபின், 1906-இல் காரணம் ஒன்றும் கூறாமல் அவரை விடுதலை செய்தனர். குற்றவாளி என்னும் பெயர் மட்டும் நீங்கவில்லை. ஆதலின் அவர் தொழில் நடத்தவும் இயலவில்லை.

1906-ஆம் ஆண்டு ஜூலையிற் கானன் டாயிலின் மனைவியார் இறந்தார். துயரத்தால் வேலை ஒன்றிலும் மனம் செல்லாமலிருந்த அவர்க்கு ஜார்ஜின் முறையீடு வந்து சேர்ந்தது. 1907 ஜனவரியில் இலண்டன் ஓட்டல் ஒன்றில் அவரைச் சந்திக்கக் குறித்தார். தாம் வரச் சற்றுத் தாமதமாகவே, ஜார்ஜ் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளை முகத்தருகே வைத்து, சற்றே சாய்த்துப் பிடித்திருந்தார். கண் வைத்தியம் பயின்றவராதலின் கானன் டாயிலுக்கு வாயிற்படியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. கடுமையான கிட்டப்பார்வையும் பார்வைச் சிதறலும் உடையவர் இவர். மழை பெய்த அமாவாசை போன்ற இருளில், அரைமைல் வயல்வெளியையும் வேலிகளையும் ரயில் பாதையையும் கடந்து, காவலர் கண்ணிற் படாமல் சென்று குதிரையைக் கிழித்து மீள்வது இவரால் இயலுமா? வழக்கு நடந்தபோது கண் வைத்தியர் ஒருவரையும் சாட்சியாக அழைத்தாரில்லை.

அதன்பின் கானன் டாயில் அவ்வூருக்கே சென்று ஆராய்ந்தார். ஜார்ஜின் மிதியடியில் இருந்தது வீதியின் கருஞ்சேறு. குதிரை கிடந்த வயலின் மண்ணோ வேறு நிறத்தது. அவர் அங்கியில் குதிரை மயிர் கண்டதாகப் போலீஸார் கூறினர். ஆனால் அவ்வங்கியையும் இறந்த குதிரையின் தோல்துண்டையும் ஒன்றாகவே வைத்தியரிடம் அனுப்பியிருந்தனர். கையெழுத்து நிபுணரோ, பெக் என்னும் மற்றொரு குற்றமற்றவர் சிறைப்பட்ட வழக்கிலும் தவறாகவே சாட்சி கூறியவர். இவற்றையெல்லாம் தொகுத்து டெயிலி டெலிகிராப் பத்திரிகையில் இரண்டு பெருங்கட்டுரைகளாக வெளியிட்டார். எவரும் எடுத்துப் பதிப்பிக்கலாமென்று உரிமையையும் விட்டுக்கொடுத்தார்.

அரசாங்கம் மூவர் கொண்ட குழுவை நியமித்தது. 1907 மே மாதத்தில் ஜார்ஜுக்கு மன்னிப்பு வந்தது. ஆயினும் கடிதங்களை எழுதியவர் அவரே எனக் குழுவினர் கருதியமையால் நஷ்டஈடு ஒரு காசும் அளிக்கப்படவில்லை. கானன் டாயில் இதனைப் பெருங்குறையாகவே எண்ணினார். எனினும் அவ்வாண்டிலேயே ஜார்ஜ் மீண்டும் சொலிசிட்டராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இவ்வழக்கும் பெக் என்பார் வழக்கும் எழுப்பிய கிளர்ச்சி, கிரிமினல் வழக்குகளுக்கு அப்பீல் கோர்ட்டு ஒன்றை இங்கிலாந்தில் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தத் துணைசெய்தது. 1934-இல், கானன் டாயில் இறந்தபின், வேறொருவன் அக்கடிதங்கள் சிலவற்றை எழுதியவன் தானென்று ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றான்.

ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. ஜார்ஜ் குற்றமற்றவர் என்று நிறுவியதோடு நில்லாமல், உண்மைக் குற்றவாளி இன்னாரென்று அவ்வூரார் ஒருவரைக் கானன் டாயில் அதிகாரிகளுக்குச் சுட்டினார். அதற்குப் போதிய சான்றில்லை என்று அவர்கள் தள்ளினர், தள்ளியது முறையே. குற்றமின்மையைச் சிறு பொருள்களால் நிறுவியவர், குற்றத்தை ஊகத்தால் நிறுவப் புகுந்தார். போலீஸார் செய்த பிழையும் அதுவேயன்றோ?

ஆஸ்கர் ஸ்லேட்டர் வழக்கு

இரண்டாவது வழக்கு இதனினும் கொடிது. 1908-ஆம் ஆண்டு டிஸம்பர் 21-ஆம் தேதி கிளாஸ்கோ நகரில் மேரியன் கில்கிறிஸ்ட் என்னும் 82 வயது மூதாட்டி, பணிப்பெண் செய்தித்தாள் வாங்க வெளியே சென்ற பத்து நிமிஷத்திற்குள் அடித்துக் கொல்லப்பட்டார். வைரம் பதித்த பிறைவடிவ அணியூசி ஒன்று காணாமற் போயிற்று. ஆஸ்கர் ஸ்லேட்டர் என்னும் ஜெர்மானிய யூதர் அத்தகைய அணியூசியின் அடகுச்சீட்டை விற்க முயன்றதும், உடனே அமெரிக்காவிற்குக் கப்பலேறியதும் போலீஸார்க்குத் தெரியவந்தன. அவ்வணியூசி அவருடையதே என்பதும், கொலைக்குச் சில வாரங்கட்கு முன்பே அடகுவைக்கப்பட்டது என்பதும் விரைவில் வெளியாயின. அங்ஙனம் வெளியானபின் வழக்கு அவரைவிட்டு நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. அவர் தம் விருப்பத்தினாலேயே நியூயார்க்கிலிருந்து திரும்பி வந்து விசாரணைக்கு நின்றார். அவர் சூதாட்டத்தில் வாழ்ந்தவர், ஒழுக்கம் குன்றியவர், அந்நியர். நீதிபதி ஜூரிகளுக்கு உரைத்தபோது, இத்தகைய வாழ்க்கையினர் நிரபராதி என்னும் அனுமானத்தை மற்றவர்போல் எதிர்பார்க்கவியலாது என்னும் கருத்துப்படப் பேசினார். ஜூரிகள் பதினைவருள் ஒன்பதின்மர் குற்றவாளி என்றனர். தூக்குத்தண்டனை 1909 மே 27-ஆம் தேதிக்கு விதிக்கப்பட்டது. இருபதினாயிரவர் மகஜரால், இரண்டு நாளைக்கு முன்னர் அது ஆயுள் தண்டனையாக மாறியது.

கானன் டாயிலுக்கு ஸ்லேட்டரின் நடத்தையில் மதிப்பில்லை. ஆயினும் நடத்தை வேறு, கொலைக்குற்றம் வேறு என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1912-இல் சிறு நூலொன்று எழுதி வழக்கின் ஓட்டைகளை எடுத்துக்காட்டினார். நகைகள் பல கிடக்க ஒன்று மட்டும் போயிருக்கிறது. காகிதங்கள் வைத்த பெட்டியோ உடைக்கப்பட்டுள்ளது. ஆதலின் கொலையாளி நகையைத் தேடி வந்தவன்தானா என்று வினவினார். 1914-இல் டிரென்ச் என்னும் துப்பறியும் உத்தியோகஸ்தர், சாட்சியங்கள் மறைக்கப்பட்டன என்று வெளியிட்டார். இரகசிய விசாரணை நடந்தது, தீர்ப்பு மாறவில்லை, உண்மை கூறிய டிரென்ச் வேலையை இழந்தார்.

ஸ்லேட்டர் பீட்டர்ஹெட் சிறையில் கல் உடைத்துக் கிடந்தார். 1925-இல் விடுதலையான கைதி ஒருவர், ஸ்லேட்டரின் வேண்டுகோளை எழுதிய சிறு காகிதத்தை வாயில் மறைத்துக் கொணர்ந்து கானன் டாயிலிடம் சேர்ப்பித்தார். அறுபத்தைந்து வயதைக் கடந்த அவர் மீண்டும் போராட்டத்தில் இறங்கினார். பத்திரிகையாசிரியர் வில்லியம் பார்க் எழுதிய நூலைத் தாமே 1927-இல் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில், பதினெட்டு ஆண்டுகட்கு மேற்பட்ட சிறைவாசத்திற்குப் பின் ஸ்லேட்டர் விடுதலையானார். அவர்க்கென்றே தனிச்சட்டம் இயற்றி அப்பீல் அனுமதிக்கப்பட்டது. 1928 ஜூலையில், நீதிபதி ஜூரிகளுக்கு உரைத்தது முறையன்று என்னும் காரணத்தால் தீர்ப்பு நீக்கப்பட்டது; 6,000 பவுன் நஷ்டஈடாக அளிக்கப்பட்டது. அப்பீற் செலவை யார் ஏற்பது என்பதில் இருவர்க்கும் மனவேற்றுமை விளைந்து நட்பு முறிந்தது வருந்தத்தக்கது. நன்றி கிடைக்கும் என்று கருதி நியாயம் செய்பவர், கிடைக்காதபோது வருந்துவர். அந்நியாயத்தின் மதிப்பு அதனாற் குறைவதில்லை.

கடைசிக் காலம்

கானன் டாயில் 1907-இல் ஜீன் லெக்கி என்பாரை மணந்திருந்தார். 1914-இல் மூண்ட மகாயுத்தம் அவர் குடும்பத்தை வாட்டியது. யுத்தத்திற் காயமுற்ற மூத்த மகன் கிங்ஸ்லி 1918-இலும், தம்பி இன்னஸ் 1919-இலும் காய்ச்சலால் மாண்டனர். இறந்தவரோடு பேசலாம் என்னும் கொள்கையை அவர் 1916-லேயே வெளிப்படையாக ஏற்றிருந்தார். இம்மரணங்களுக்குப் பின் அதனைப் பரப்புவதற்கே தம் பொருளையும் உடலுழைப்பையும் செலவிட்டார்.

காட்டிங்லி என்னும் ஊரில் இரண்டு சிறுமியர், தாங்கள் ஓடைக்கரையில் தேவதைகளைக் கண்டதாகக் கூறிப் புகைப்படங்கள் காட்டினர். 1920-இல் கானன் டாயில் அவற்றை மெய்யென்றே ஸ்ட்ராண்டு பத்திரிகையில் எழுதினார். பின்னர் ஒரு நூலும் இயற்றினார். அத்தேவதைகள் காகிதத்தில் வரைந்து கத்தரித்துத் தொப்பியூசியால் நிறுத்தப்பட்டவை என்பதை, முதியவராகிவிட்ட அப்பெண்டிர் 1983-இல் ஒப்புக்கொண்டனர். அவ்வுருவங்களை எந்தப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தனரோ, அப்புத்தகத்திலேயே கானன் டாயிலின் கதையொன்றும் அச்சாகியிருந்தது. பிறர் வழக்கில் மிதியடிச் சேற்றின் நிறத்தையும் விடாது நோக்கிய கண்கள், தம் நெஞ்சம் விரும்பிய பொருளில் தம் நூலலமாரியையும் நோக்கவில்லை. இதனை நாம் நகைப்பதற்காகக் கூறவில்லை. ஆசையும் துயரமும் கூர்மதியினரையும் மறைக்கும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

1930-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் தேதி ஸஸெக்ஸ் ஜில்லாவில் தம் இல்லத்தில் அவர் காலமானார். அவர் கொல்ல விரும்பிய ஹோம்ஸோ இன்னும் வாழ்கிறார். 1899-இல் வில்லியம் ஜில்லெட் நாடகமேடையில் நடித்தார். 1939 முதல் 1946 வரையில் பாஸில் ராத்போன் பதினான்கு சினிமாப் படங்களில் நடித்தார். 2010-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் ஹோம்ஸ் நம் காலத்து இளைஞராகவே தோன்றினார். வங்காளத்துப் பியோம்கேஷும் பெலுடாவும், தமிழில் தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ் வஸந்தும் அவ்வழியில் வந்த துப்பறிபவர்களே.

முடிவுரை

நேயர்காள்! மேற்கூறிய இரு வழக்குகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒருவர் பார்ஸியின் மகன். மற்றவர் ஜெர்மானிய யூதர். இருவரும் அவ்வூரார்க்கு அந்நியர். குற்றம் நிகழ்ந்தபின் குற்றவாளியைத் தேடாமல், முன்னமே பிடிக்காத ஒருவர்மேற் குற்றத்தைப் பொருத்தினர். அங்ஙனம் பொருத்தியபின், பொருந்தாத சான்றுகளெல்லாம் கண்ணிற்படாமல் மறைந்தன. இது இங்கிலாந்திற்கும் ஸ்காட்லாந்திற்கும் மட்டும் உரிய பிழையன்று. நம் தெருவில் ஒரு செம்பு களவுபோனாலும், நேற்று வந்த வேலைக்காரன்மேல் முதலிற் சந்தேகம் செல்வது நாம் அறியாததன்று.

துப்பறியும் கதைகளைப் படிப்பது தகுமா தகாதா என்று வாதிடுவோர்க்கு நாம் கூறுவது இவ்வளவே. கொலையின் திகிலை மட்டும் நாடிப் படிப்பவர்க்கு அது பொழுதுபோக்கே. சான்றைக் கண்டபின் முடிவுகொள்ள வேண்டும், முடிவுகொண்டபின் சான்று தேடலாகாது என்னும் பாடத்தை அதிலிருந்து பெறுபவர்க்கோ அது நல்லாசான். அப்பாடத்தை உலகிற்குக் கற்பித்தவரும் தம் துயரில் ஒருமுறை அதனை மறந்தாராதலின், நாம் நாள்தோறும் நினைவிற் கொள்ளவேண்டிய பாடம் அது. பிறர்மேல் ஒரு சொல் உரைக்குமுன் அவருடைய மிதியடியில் இருப்பது எந்த நிலத்துச் சேறு என்று நம் வாசகர்கள் ஒரு கணம் உற்றுநோக்குவார்களாக.